கொலுப் பெட்டிக்குள் கட்டில் போல்ட்

2018 ஜூனில் திருநெல்வேலியிலிருந்து சென்னை மடிப்பாக்கத்துக்குக் குடி வந்தோம். சாமான் வந்து இறங்கிய அன்று ராத்திரி கட்டிலை மாட்டலாம் என்று பார்த்தால் போல்ட்டுகளைக் காணவில்லை. பலகை இருக்கிறது, கால் இருக்கிறது, தலைமாட்டுச் சட்டம் இருக்கிறது. எட்டு போல்ட்டும் அதன் வாஷர்களும் மட்டும் இல்லை. கழற்றிய பையன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டதை நானே பார்த்தேன். அதற்கப்புறம் அந்தக் கவர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் பாய் விரித்துத் தரையில் படுத்தோம். கடைசியில் ஒரு தச்சர் வந்து அளவெடுத்து, வேறு போல்ட் வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. கொலுப் பெட்டியைத் திறந்தால், மரப்பாச்சிக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவில் அந்தக் கவர், போட்ட முடிச்சு அவிழாமல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. திறந்து கிடந்த பெட்டியில் அந்தப் பையன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். "தொலையலை பாரு, சாமிகிட்டதான் இருந்திருக்கு" என்றார் அத்தை. என் மாமியார்.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, பேங்க் வேலை. கல்யாணமாகி 14 வருடத்தில் திருச்சி, மதுரை, நெல்லை, சென்னை, இப்போது கோயம்புத்தூர் என்று ஐந்து ஊர் பார்த்தாயிற்று. முதல் இரண்டு தடவை சாமான் கம்மி, பிரச்சினையும் கம்மி. நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்ததுதான் படாத பாடு. அதில் பட்டதை வைத்து 2023இல் கோவைக்கு வரும்போது கொஞ்சம் சுதாரித்துக்கொண்டோம். முழுக்க இல்லை, ஃபிரிட்ஜ் கதை பின்னால் வரும்.

நெல்லை அனுபவத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பாத்திரம் கட்டுவது, துணி மடிப்பது, புத்தகம் அடுக்குவது எல்லாம் நம் கையில் இருக்கிற வேலை. ஒரு ராத்திரி கண் விழித்தால் முடிந்துவிடும். கேஸ் ஏஜென்சி, பள்ளிக்கூடம், ஏசி மெக்கானிக், ஹவுஸ் ஓனர் என்று அடுத்தவர் கையில் இருக்கிற வேலையை அப்படி முடிக்க முடியாது. அவர்களுக்கு நம் லாரி எப்போது வந்தால் என்ன? ஆனால் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம் என்றால், ஒரு மாதம் முன்பே அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டு, கேஸ் ஏஜென்சிக்குக் கடைசி வாரம் போகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

நெல்லையில் நடந்தது இது. கேஸ் கனெக்ஷன் மாமனார் பெயரில் இருந்தது. அவர் 2016இல் தவறிவிட்டார். புத்தகம் கையில் இருக்கிறது, சிலிண்டர் மாதாமாதம் வருகிறது, அதனால் யாருக்கும் அது ஞாபகமே இல்லை. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஏஜென்சிக்குப் போய் ஊர் மாறுகிறோம் என்றால், "பெயருக்கு உரியவர் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதக் கடிதம், இவர் பெயரில் புதிதாக கேஒய்சி படிவம் என்று வரிசையாகக் கேட்டார்கள். நாத்தனார் ஒருவர் மஸ்கட்டில். அவருடைய கடிதம் வந்து சேர்வதற்குள் நாங்கள் சென்னைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதுவரை இன்டக்ஷன் அடுப்பும் ஹோட்டல் சாப்பாடும்தான். இவ்வளவுக்கும் ஏஜென்சிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடமாகப் பெயரை மாற்றாமல் விட்டது நாங்கள்.

அதனால் 2023 ஜூன் 5ஆம் தேதி இவருக்கு கோவைக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் நான் முதலில் எடுத்தது ஒரு நோட்டு. யார் யாரைப் போய்க் கேட்க வேண்டியிருக்கும் என்று எழுதினேன். பதினோரு பேர் வந்தார்கள். அந்த வாரமே எல்லோரிடமும் ஒரு தடவை போய் நின்றுவிட்டேன்.

கேஸ் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதே ஊருக்குள் மாறுவது வேறு, ஊர் விட்டு ஊர் போவது வேறு. அதே ஊரில் வேறு ஏஜென்சிக்குப் போனால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் நம்மிடமே இருக்கும், பதிவு மட்டும் மாறும். வெளியூர் என்றால் இரண்டையும் ஒப்படைத்துவிட்டு, கட்டிய டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டெர்மினேஷன் வவுச்சர் என்ற தாளை வாங்க வேண்டும். புது ஊர் ஏஜென்சியில் அதைக் காட்டி, மறுபடி டெபாசிட் கட்டினால் கனெக்ஷன் கிடைக்கும். சிலிண்டரை லாரியில் ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், விவரம் தெரிந்த யாரும் ஏற்ற மாட்டார்கள். திருப்பிக் கொடுக்கும் சிலிண்டரில் கேஸ் மிச்சம் இருந்தால் அதற்குக் காசு வராது. எங்களுக்கு இரண்டு சிலிண்டர். ஜூன் நடுவிலேயே புது சிலிண்டர் பதிவு செய்வதை நிறுத்திவிட்டு, கடைசி சிலிண்டரைச் சோறு குழம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டீ காபியை இன்டக்ஷனில் போட்டு ஓட்டினோம். ஒப்படைக்கும்போது தூக்கிப் பார்த்த பையன், "காலிதான்க்கா" என்றான். அன்றைக்கு எனக்கு ஏதோ பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

பள்ளிக்கூடம் அடுத்தது. டிசி வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். டிசியோடு பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவு எண்) என்று ஒன்று இருக்கிறது. பழைய பள்ளி கம்ப்யூட்டரில் பிள்ளையை விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியும். டிசி கையில் வந்த அன்றே ஆபீஸ் அறையில், "எமிஸ்ல ரிலீஸ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோவைக்குப் போன பிறகு கேட்டால் போனிலேயே இரண்டு வாரம் போய்விடும்.

சரி, நாள் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். உத்தரவைப் பார்த்ததும் இவர் ரயில் பார்த்தார், அத்தை காலண்டர் பார்த்தார். ஜூலை 17 ஆடி 1. ஆடியில் வீடு மாறக் கூடாது, மார்கழியிலும் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். செவ்வாய்க்கிழமையும் ஆகாது, "செவ்வாய் வெறுவாய்." இதையெல்லாம் கழித்துவிட்டு லாரி கேட்டால், "ஆடிக்கு முந்தின ரெண்டு வாரம் எல்லாருமே கேப்பாங்க மேடம், தேதியை இப்பவே சொல்லுங்க" என்கிறார் லாரிக்காரர். (இந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு ரகசியம். ஆடியில் மாறினால் லாரியும் பேரத்துக்குப் படியும், காலியாகக் கிடக்கிற வீட்டு ஓனரும் படிவார்.)

நல்ல நாளும் லாரி நாளும் ஒன்றாக அமைய வேண்டும் என்று பார்த்தால் தலைவலிதான். லாரி வழியில் பஞ்சராகி நின்றால் நல்ல நேரம் போயே போய்விட்டது. நாங்கள் இரண்டையும் பிரித்துவிட்டோம். ஜூலை 1 முதல் கோவை வீட்டுக்கு வாடகை பேசி இவர் சாவி வாங்கிவிட்டார். ஜூலை 5 ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் அத்தையும் நானும் கிளம்பினோம். மறுநாள் வியாழக்கிழமை காலையில் உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் எல்லாம் வைத்துப் பால் காய்ச்சிவிட்டு, அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பினோம். கேஸ் இல்லாததால் இன்டக்ஷன் அடுப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பால் பொங்கி வழிந்து பட்டன்கள் மேல் பட்டதும் அடுப்பு கீச் கீச் என்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. நான் அத்தை முகத்தைப் பார்த்தேன். அவர் பாலைப் பார்த்தார். "கிழக்க பாத்துதான் வழிஞ்சிருக்கு, அது போதும்" என்றார். பால் காய்ச்சியாயிற்று என்றால் அதற்கப்புறம் லாரி எந்த நாள் வந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

இதற்கு விலை, பதினைந்து நாள் இரண்டு வீட்டுக்கும் வாடகை. சென்னை வாடகை 16,500, அதில் பாதி. இவருக்கு முதலில் மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாளில் கோவை வீட்டில் பெயின்ட் காய்ந்தது, ஒழுகிய குழாயை மாற்றினார்கள், ஸ்கிரீன் கம்பி மாட்டியாயிற்று, தரையைக் கழுவிவிட்டாயிற்று. சாமான் வந்து இறங்கிய பிறகு இதில் எதையும் நிம்மதியாகச் செய்ய முடியாது.

லாரி பேசுவதுதான் எல்லோரும் கேட்கிற விஷயம். நெல்லையில் ஏமாந்ததைச் சொல்கிறேன். போனிலேயே பேசி, இருப்பதில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்தோம். ஆள் வந்தார்கள், அழகாகக் கட்டினார்கள், லாரி கிளம்பியது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எங்கள் சாமானை வழியில் ஒரு குடோனில் இறக்கி, வேறு இரண்டு வீட்டுச் சாமானோடு சேர்த்துப் பெரிய லாரியில் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். நான்காம் நாள் வந்தார்கள். வந்த டிரைவர், "ரெண்டாயிரத்து ஐந்நூறு எக்ஸ்ட்ரா ஆகும், குடுத்தா இறக்கறோம்" என்று கேபினிலேயே உட்கார்ந்துவிட்டார். தெருவில் நின்று என்ன வாதாட முடியும்? கொடுத்தோம். இரண்டு தடவை ஏற்றி இறக்கியதில் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியும் போயிற்று.

இந்தத் தடவை மூன்று பேரிடம் கேட்டோம். ஒருவர் போனிலேயே 17,000 என்றார். ஒருவர் வீடியோவில் வீட்டைக் காட்டச் சொன்னார். மூன்றாமவர் நேரில் வந்து, கட்டிலுக்கு அடியில், லாஃப்டில், பால்கனியில் எல்லாம் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு 26,500 சொன்னார். அவரைத்தான் பிடித்தோம். எதையும் பார்க்காமல் விலை சொல்பவர் பிறகு வேறு விலை சொல்லத்தான் போகிறார் என்பது என் கணக்கு. அவரிடம் நான் கேட்டவை: எங்களுக்கு மட்டும் தனி லாரியா, சேர்த்து ஏற்றுவதா? நடுவில் வண்டி மாறுமா? இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அதற்கான கூலி இதில் அடக்கமா? டோல், ஜிஎஸ்டி, கோவையில் இறக்குகிற ஆள் கூலி எல்லாம்? இன்சூரன்ஸ் என்கிறீர்களே, பாலிசி நகல் கிடைக்குமா, அல்லது உங்கள் பில்லில் ஒரு வரி எழுதுவதுதானா? பதிலை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பணத்தையும் முன்பணம் 5,000, ஏற்றிய பிறகு பாதி, இறக்கிய பிறகு மீதி என்று பிரித்துப் பேசினோம். கையில் மீதி இருக்கிற வரைதான் நம் பேச்சுக்கு மரியாதை.

சாமானைக் குறைப்பது பற்றி எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரிக்குக் கணக்கு இடம்தான், எடை இல்லை. எல்லோரும் அத்தையின் அம்மியையும் ஆட்டுக்கல்லையும்தான் முறைத்தார்கள். அம்மி ஒரு மூலையில் படுத்துக்கொண்டு வந்துவிடும். லாரியை அடைத்தது பால்கனியில் இருந்த உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், டிவி வாங்கியபோது வந்த காலி அட்டைப்பெட்டி, மகள் மூன்று வயதில் ஓட்டிய சைக்கிள், யாரும் படுக்காத பஞ்சு மெத்தை. இவையெல்லாம் காயலான் கடைக்குப் போயின. 1,140 ரூபாய் கிடைத்தது. அம்மி வந்தது. ஆட்டுக்கல்லைத் தூக்கிய அண்ணன் தனியாக 300 ரூபாய் கேட்டார், இரண்டு மாடி இறக்கியதற்கு அது நியாயம்தான்.

கட்டுவதில் கண்ணாடிச் சாமானும் சமையல் சாமானும் நான், மற்றதெல்லாம் அவர்கள் என்று பிரித்துக்கொண்டோம். செய்தித்தாளை விடப் பழைய பருத்திப் புடவை நல்லது. பாத்திரத்தில் மை ஒட்டாது, கட்டிய பிறகு நழுவாது, போன இடத்தில் துடைக்கவும் ஆயிற்று. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி மட்டும். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் போட்டால் ஒன்று அடி பிய்யும், இல்லை தூக்குபவர் இடுப்பு பிய்யும். பெட்டியின் மேல் மூடியில் 'சமையலறை' என்று எழுதுவது வீண் வேலை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். பெயர் கூட வேண்டாம், எண் போதும். நோட்டில் '14: தோசைக்கல், இட்லித் தட்டு, புளி டப்பா' என்று குறித்துக்கொண்டால், ராத்திரி தோசைக்கல்லுக்காக முப்பது பெட்டியைக் கிழிக்க வேண்டாம்.

அப்புறம் போல்ட். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டில் போல்ட்டையும் கவரில் போட்டு, அந்தக் கவரை அந்தக் கட்டிலின் காலிலேயே வைத்துப் பிரவுன் டேப்பால் நாலு சுற்று சுற்றிவிட்டேன். மேஜை, ஸ்டாண்டு, வாட்டர் ஃபில்டர் ஸ்குரூ எல்லாவற்றுக்கும் அப்படியே. லோடுமேன் பையன் சிரித்தான். "எங்களுக்கு ஒரு கொலு ஆச்சு தம்பி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

மெஷின்களுக்கு ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஏசி மெக்கானிக்கிடம் இரண்டு வாரம் முன்பே தேதி சொல்லி, முந்திய நாளும் போன் செய்தேன், அதனால் வந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். அப்படியே வெட்டி எடுத்தால் கேஸ் போய்விடும், மறுபடி நிரப்புகிற செலவு நமக்கு. ஜூலையில் சென்னையில் ஏசி இல்லாமல் ஒரு ராத்திரி புழுங்கினோம். வேடிக்கை என்னவென்றால், கோவையில் அந்த நேரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசி, மின்விசிறியே வேண்டியிருக்கவில்லை. ஏசி மார்ச் மாதம் வரை பெட்டியிலேயே இருந்தது.

ஃபிரிட்ஜை முந்திய நாளே காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். லாரியில் நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், இறக்கியதும் ஸ்விட்சைப் போடாமல் சில மணி நேரம் விட வேண்டும். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது பின்னால் நீளமாக நாலு போல்ட் போட்டு வந்திருக்கும், டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள. வீடு மாறும்போது அதை மறுபடி போட வேண்டும். யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? நாங்கள் சர்வீஸ் ஆளிடம் தனியாக வாங்கினோம்.

ஊறுகாய் ஜாடி மட்டும் லாரியில் ஏறவில்லை. நெல்லையிலிருந்து வந்தபோது ஆவக்காய் எண்ணெய் ஒழுகி ஒரு பெட்டி நிறையத் துணி நாசமான அனுபவம் உண்டு. இந்தத் தடவை நார்த்தங்காய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, அதன் மேல் கவர் போட்டு ரப்பர் பேண்டு இறுக்கி, அத்தை சேரன் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நகை, பத்திரம், பாஸ்புக், சான்றிதழ், டெர்மினேஷன் வவுச்சர், டிசி எல்லாம் என் தோள்பையில். இந்தப் பையைப் போகிற வழியில் யாரிடமும் கொடுக்கவில்லை, ரயிலில் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

ஜூலை 12 புதன்கிழமை லாரி. முந்திய நாள் சாயங்காலமே எதிர் வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய், காலையில் காரை மட்டும் தள்ளி நிறுத்தச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் கேபிள் வயர் தாழ்வாகத் தொங்கும், அதனால் 14 அடி வண்டிதான் வரும் என்று லாரிக்காரரிடமும் சொல்லியாயிற்று. பகலில் பெரிய வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் ஆறரைக்கே தெருவுக்குள் வந்துவிட்டார்கள். நான்கு பேர். முதல் வேலையாக டீ, பதினோரு மணிக்கு மோர், ஒரு மணிக்குச் சாப்பாடு. இதை விருந்தோம்பல் என்று நினைக்க வேண்டாம், பீரோ இடிபடாமல் இறங்குவதற்குத்தான். படி திரும்புகிற இடத்தில் பீரோ சிக்கியது. மேலே இருவர், கீழே இருவர், "விட்றாத, விட்றாத, இடது பக்கம் சாய்" என்று பத்து நிமிடம் போராட்டம். அத்தை கையில் இருந்த விபூதிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் ஒரு விரல் அளவு பள்ளம்.

அந்தப் பள்ளம்தான் ஓனரிடம் கணக்குப் பேசும்போது வந்து நின்றது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. நாங்கள் அதற்கு முன்பே ஒரு லட்சம் கொடுத்துக் குடிவந்தவர்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னையில் வழக்கம், அதை நாங்களும் எதிர்பார்த்தோம். அதற்கு மேல் கிச்சன் டைல்ஸ் விரிசல், பாத்ரூம் கதவு என்று ஆரம்பித்தபோது, குடிவந்த நாளில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். விரிசல் அப்போதே இருந்தது. பேச்சு நின்றது. சுவர்ப் பள்ளத்துக்கு 500 கொடுத்தோம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதால் இடையில் காலி செய்பவருக்கு எப்போதும் தகராறு. கடைசி ரீடிங்குக்கும் காலி செய்கிற நாளுக்கும் நடுவே எத்தனை யூனிட் என்று மீட்டரை இருவருமாகப் பார்த்து, போட்டோ எடுத்து, அங்கேயே கழித்துக்கொண்டால் முடிந்தது. மீதிப் பணத்தை, சாவி கொடுக்கிற அன்றே கணக்கில் போடச் சொன்னேன். அடுத்த குடித்தனக்காரர் வந்த பிறகு தருகிறேன் என்றார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

லாரி கிளம்பும் முன் சாமான் பட்டியலில் இருவரும் கையெழுத்து, வண்டி நம்பர் போட்டோ, டிரைவர் போன் நம்பர். சேலம் வழியாகக் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும் என்பதால் ஒரு பெட்டியும் ஒரு வாளியும் கடைசியில் ஏற்றச் சொன்னேன். பெட்டியில் இன்டக்ஷன் அடுப்பு, பால் பாத்திரம், நாலு டம்ளர், கத்தி, ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பல்பு, போர்வை, அத்தையின் பிபி மாத்திரை இரண்டாவது செட். வாளிக்குள் மக், சோப்பு, துடைப்பம், தரைத் துணி. பழைய துடைப்பத்தைக் கொண்டுவரக் கூடாது என்று அத்தை சொன்னதால் துடைப்பம் புதுசு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கோவையில் கணபதி என்ற பகுதியில் எங்கள் புது வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. முந்திய நாளே புறப்பட்ட அதே லாரி, அதே டிரைவர். எண்ணைப் பார்த்துப் பெட்டிகளை நேராக அந்தந்த அறையில் வைக்கச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் வரும் வரை. சமையலறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. நேராக, பக்கவாட்டாக, கைப்பிடியைக் கழற்றி, எப்படிப் பார்த்தாலும் இரண்டு விரற்கடை இடிக்கிறது. வீடு பார்க்கப் போனபோதே அளந்துகொண்டு வாருங்கள் என்று இவரிடம் சொல்லியிருந்தேன். ஹாலை அளந்தார், பெட்ரூமை அளந்தார், சமையலறையையும் உள்ளே நின்று அளந்தார். கதவை அளக்கவில்லை. ஃபிரிட்ஜ் இன்றுவரை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். நான் இவரைக் கைகாட்டிவிடுகிறேன்.

தண்ணீர் விஷயமும் கேட்க விட்டுப்போனது. பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க, நல்ல தண்ணி எந்த நாள் வருதுன்னு தெரியுங்களா? நேத்துதான் வந்துட்டுப் போச்சுங்க" என்றார். அடுத்து ஒரு வாரமாவது ஆகுமாம். மடிப்பாக்கத்தில் கேன் தண்ணீர் வாங்கிப் பழகிய எங்களுக்கு, தண்ணீருக்கு நாள் கணக்கு உண்டு என்பது தோன்றவே இல்லை. கேட்காமலேயே இரண்டு குடம் நிறைத்து மதில் மேல் வைத்தார். அந்தக் குடங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நார்த்தங்காய் கொஞ்சம் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார் அத்தை. அங்கே ஆரம்பித்த பழக்கம்தான்.

முகவரி மாற்றுகிற வேலையை நிதானமாகச் செய்தோம். வாடகை ஒப்பந்தம், அதை வைத்து கேஸ், பேங்க் பாஸ்புக், பிறகு ஆதார், ரேஷன் கார்டு என்று ஒன்றைக் காட்டி இன்னொன்று. வாக்காளர் பட்டியலுக்குப் புதிதாகப் பதிவு செய்கிற படிவம் 6 வேண்டாம், இடம் மாறுபவர்களுக்குப் படிவம் 8. மடிப்பாக்கம் தபால்காரரிடம் கிளம்பும் முன்பே புது முகவரியை எழுதிக் கொடுத்திருந்தேன். அத்தையின் பென்ஷன் கடிதம் ஒன்று அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு மகள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டில் காலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரிக்கத்தான் நேரம் ஆயிற்று, நாலு சுற்று கொஞ்சம் அதிகம் போல. எட்டு போல்ட், எட்டு வாஷர். அரை மணி நேரத்தில் கட்டில் நின்றது. பாட்டியைத்தான் முதலில் படுக்கச் சொன்னாள்.

மிக்சியின் சட்னி ஜார் மூடியை மட்டும் இன்னும் காணோம். கொலுப் பெட்டியிலும் பார்த்துவிட்டோம்.